மூணாவது வளைவில் ஒரு அருவி

"ஏளா, என்ன தெரியுது? சொல்லு."

எங்க வீட்டு அவிய என் தோளப் புடிச்சிக்கிட்டு நிக்காவ. ஆரியங்காவுக்குக் கீழ, மலை ரோட்டுல ஒரு வளைவு. முழங்கால் ஒசரத்துக்குக் கருங்கல்லுத் தடுப்புச் சுவரு, பாசி புடிச்சி வழுக்குது. மழை பெஞ்சி அப்பத்தான் விட்டிருக்கு. எஞ் சேலை முந்தி நனைஞ்சி முதுகோட ஒட்டிக்கிட்டுக் கெடக்கு. ரப்பர் பால் வாடை வருது. அத மோந்து பாத்தவியளுக்குத் தெரியும், ஊசிப்போன மோரு மாரி இருக்கும்.

நான் சுவத்துக்கு அங்கிட்டு எட்டிப் பாக்கேன். பாத்துட்டு வாயத் தொறக்காம நிக்கேன்.

எங்க மவன் செல்வம் காருக்குப் பக்கத்துல நிக்கான். அவனும் எட்டிப் பாத்துட்டான். 'எம்மா, ஏதாச்சும் சொல்லு'ன்னு கண்ணாலயே கெஞ்சுதான்.

"என்னளா, பேச்சு மூச்சக் காணும்?"

என் வாய மூட வைக்க ஒருத்தரும் பொறக்கலன்னு எங்க மாமியா சாவுத வரைக்கும் சொல்லிக்கிட்டு இருந்தா. அன்னைக்கி அது தானா மூடிக்கிடுச்சு. ஏன்னு சொல்லணும்னா மொதல்ல லாரியில இருந்து ஆரம்பிக்கணும்.

கடையில ஒக்காந்து பாத்த நாடு

எங்க வீட்டு அவிய முப்பது வருஷம் உப்பு லாரி ஓட்டுனாவ. தூத்துக்குடி உப்பளத்துல மூட்ட ஏத்தி, தார்ப்பாய் போட்டு இறுக்கிக் கட்டி, கொல்லத்துக்குப் போவாவ. வாரத்துக்கு ஒரு நட, சில வாரம் ரெண்டு. எப்பவாச்சும் தூரத்து லோடு கெடைக்கும். கொடகு, கோதாவரிப் பக்கம், ஒருக்கா ஒரிசாவுல சிலிக்கா ஏரி வரைக்கும்.

நான் எங்கயும் போவல. பெரியதாழைக்கு வடக்க தேரிக்காட்டுல பொறந்தேன். செவசெவன்னு மணலு, பனை, அதத் தவிர வேற ஒண்ணும் கெடையாது. கல்யாணங் கட்டி புதுக்கோட்டைக்கு வந்தேன். தூத்துக்குடிய விட்டு திருநெவேலி ரோட்டுல வெளிய வந்ததும் வருமே, அந்தப் புதுக்கோட்டைதான். வீட்டு முன்னால பலசரக்குக் கடை போட்டேன். எழுத்து தெரியாது, ஆனா எந்த டப்பாவுல என்ன கெடக்குன்னு கண்ண மூடிக்கிட்டு எடுப்பேன். இதக்கூட நான் சொல்லச் சொல்ல எம் பேத்திதான் எழுதுதா. "ஆச்சி, கொஞ்சம் மூச்சு விடு"ங்கா. கெடக்கா, விடுங்க.

அவிய லோடு எறக்கிட்டு வீட்டுக்கு வந்தா, குளிச்சிட்டுச் சாப்பிட ஒக்காருவாவ. நான் எதுக்க ஒக்காந்து, "இந்தத் தடவ என்ன பாத்திய?"ன்னு கேப்பேன். சொல்லுவாவ. அத அப்படியே மறுநாளு கடைக்கு வாரவளுவட்ட நான் சொல்லுவேன்.

"ஆச்சி, மருமவன் கொடகு கூட்டிட்டுப் போறாரு. எப்படி இருக்கும்?"

"காப்பிப் பூ பூத்துச்சுன்னா மலை பூரா மல்லியப்பூ வாடை அடிக்கும். பூத்தா நாலு நாளுதான். நீ போற அன்னைக்கி அது பூத்திருக்கணுமே!"

"நீங்க எப்ப ஆச்சி போனிய?"

"நான் எங்களா போனேன்? அவிய போனா நான் போன மாரிதான்."

பக்கத்து வீட்டு பேச்சிக்கு வாய்த்துடுக்கு. "ஆச்சி கடையில பருப்பு வாங்கப் போனா, ஒரு ஊரையும் சேத்துப் பொட்டலங் கட்டிக் குடுத்துருவா"ன்னு தெருவெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிவா. நெசந்தானே!

பச்சை ஊரும் வெறும் ஊரும்

எந்த ஊரு அழகுன்னு கேட்டா நான் ஒடனே பதில் சொல்ல மாட்டேன். ஒண்ணோட ஒண்ண வச்சுப் பாக்கணும்.

கேரளத்து அழகு, கழுத்து நெறைய நகை போட்ட பொண்ணு மாரி. எங்கன பாக்கதுன்னே தெரியாது. வாழை, அதுக்கு மேல கமுகு, அதுக்கு மேல பலா, பலாவச் சுத்தி நல்லமொளவுக் கொடி. கண்ணு பத்தடி போறதுக்குள்ள எதுலயாவது முட்டிக்கிடும்.

கோதாவரி அப்படி இல்லையாம். அக்கரைன்னு ஒரு கோடு இருக்கும், அது கரையா மேகமான்னு சொல்ல முடியாதாம். சிலிக்கா ஏரியில தூரத்துப் பறவையெல்லாம் வந்து எறங்குனா தண்ணியே ரோசா நெறமா மாறிருமாம்.

எங்க ஊருல? தேரியில ஆடிக் காத்து அடிச்சா மணலு மேடே எடம் மாறும். உப்பளத்துல தண்ணி விட்டுட்டா வானத்த அறுத்து சதுரஞ் சதுரமாத் தரையில போட்ட மாரிக் கெடக்கும். மரம் கெடையாது, நெழலு கெடையாது. ஆனா கண்ணு போயிக்கிட்டே இருக்கும், நிப்பாட்ட ஆளே கெடையாது. ஒண்ணுமில்லாத ஊருல அது ஒண்ணுதான் சொத்து.

உப்பு லாரிக்காரருக்கு வேற கணக்கு. பச்சை ஊருன்னா மழை ஊரு. மழைகூட வேண்டாம், ஈரக் காத்து பட்டாலே உப்பு வேர்த்து மூட்ட ஒழுக ஆரம்பிச்சிரும். "ஊரு அழகு கூடக் கூட எம் மூட்ட கொறையுது"ன்னு அவிய சொல்லுவாவ. அழகான எடத்துலதான் தார்ப்பாய இன்னும் இறுக்கிக் கட்டிட்டு வண்டிய வெரட்டணும்.

இதுல இன்னொண்ணு, அழகு ஒரே எடத்துலயும் நிக்காது. கொற்கையில ஒரு காலத்துல கடலு இருந்துச்சாம், முத்து எடுத்து வித்தாவளாம். எம் பேத்தி பள்ளிக்கூடத்துல படிச்சிட்டு வந்து சொன்னா. அங்கன ஒரு கல்யாணத்துக்குப் போனேன். வாழைத் தோட்டம், வயலு, கொளம், எல்லாம் இருக்கு. பந்தியில எல போட்டவன்ட்ட, "ஏலே, கடலு எங்கல?"ன்னு கேட்டேன். "அது தூரம் போயிருச்சு ஆச்சி, சோறு ஆறுது, சாப்பிடுங்க"ன்னுட்டு ரசத்த ஊத்திட்டுப் போயிட்டான்.

நடுவுல ஒரு வட்டம்

லாரிய விட்டு எறங்கிப் பல வருஷம் கழிச்சி, அவிய தம்ளருக்குப் பக்கத்துல தண்ணிய ஊத்துனாவ. மொதல்ல சிரிச்சேன். அப்புறம் கதவு நெலையில இடிச்சிக்கிட்டாவ. அப்புறம் ஒரு நாளு, பக்கத்துலயே நிக்க என்னைய, "எங்களா போயிட்ட?"ன்னு கேட்டாவ. அதுக்கப்புறம் நான் சிரிக்கல.

திருநெவேலியில கண்ணு டாக்டரு ஒரு சின்னப் பொண்ணு. பொறுமையாச் சொன்னா. "கண்ணுக்குள்ள அழுத்தம் கூடி நரம்பு பட்டுப்போச்சு தாத்தா. போன பார்வை திரும்பாது. மிச்சம் இருக்கத நிப்பாட்ட மருந்து தாரேன். ஆனா ரொம்பப் பிந்தி வந்திருக்கிய. அதுவும் நெலைக்குமான்னு சொல்ல முடியல."

வெளிய வந்து பெஞ்சியில ஒக்காந்தோம். "எப்படிங்க தெரியுது?"ன்னு கேட்டேன். "சுத்தி பூரா பொகை. நடுவுல ஒரு கருப்பட்டி அளவுக்கு வட்டம். அதுக்குள்ள மட்டும் தெளிவா இருக்கு"ன்னாவ. அந்த வட்டத்துக்குள்ள என் மூக்குத்தி தெரியுதுன்னாவ, வாய் தெரியலன்னாவ. "நல்லதாப் போச்சு"ன்னு ஒரு சிரிப்பு வேற.

செல்வம் துபாயில இருந்து லீவுக்கு வந்தான். வந்தவன் அழுதான், அப்புறம் மூக்க உறிஞ்சிக்கிட்டு, "யப்பா, கண்ணு இருக்கையில எந்த ஊரு பாக்கணும்னு சொல்லுங்க. காஷ்மீருன்னாலும் கூட்டிட்டுப் போறேன். பத்து நாளுதான் லீவு. ஒரு எடம் சொல்லுங்க"ன்னான்.

நான் முந்திக்கிட்டேன். "கோதாவரிக்குப் போவோம்ல. அப்பா பாத்த எடம், நான் பாத்ததில்ல."

அவிய மெதுவாச் சொன்னாவ, "நானும் பாத்ததில்ல."

எனக்கு வெளங்கல. "முப்பது வருஷம் ஓட்டுனியளே?"

"ஓட்டுனேன். ரோட்டப் பாத்தேன். முன்னால போற வண்டியோட பின்பக்கத்தப் பாத்தேன். வேற எதப் பாக்க முடியும்? பின்னால உப்பு தள்ளிக்கிட்டு வருது. ஒனக்கு நான் சொன்னதெல்லாம் சவரி சொன்னதுளா."

சவரி அண்ணன்

சவரி அண்ணன் அவியளோட லாரியில கிளீனரு. கிளீனருன்னதும் சின்னப் பயன்னு நெனைச்சிராதிய. அவியள விட ஏழு வயசு மூப்பு. பெரியதாழைக் கடக்கரைக்காரரு. அவரு தம்பி கடலுக்குப் போனவன் கரை திரும்பல. அன்னையில இருந்து அவரு வள்ளத்துல கால் வைக்கல. கடலுக்கு முதுகக் காட்டிட்டு லாரியில ஏறுனாரு. லைசன்ஸ் எடுங்கன்னா, "எனக்கு எதுக்குத் தம்பி? நீ ஓட்டு, நான் பாக்கேன்"பாரு.

கிளீனருக்கு அதுதான் வேல. டிரைவரு வலது பக்கம், இடது பக்கம் பூரா கிளீனரு பொறுப்பு. கதவத் தட்டித் தட்டி, "வரட்டும், வரட்டும்"னு சொல்லணும். இன்னொரு வேல, டிரைவரத் தூங்க விடப்பிடாது. பேச்சு குடுத்துக்கிட்டே வரணும். மத்த கிளீனருமாரு சினிமா பேசுவாவ, கட்சி பேசுவாவ. சவரி அண்ணன் வெளிய தெரியுதத மட்டுந்தான் பேசுவாராம். "தம்பி, ஒரு கொளம் பூரா தாமரை. தம்பி, மலைய மேகம் முழுங்கிருச்சு."

என் கடையில நான் வித்த ஊரெல்லாம் அந்த மனுசன் சரக்கு. அவரு காலமாயிப் பல வருஷம் ஆச்சு. அவரு எங்க வீட்டுக்கு வந்தா ஒரு வார்த்தை பேச மாட்டாரு. காப்பியக் குடிச்சிட்டு, தம்ளரக் கழுவி வச்சிட்டுப் போயிருவாரு.

"அப்ப எதத்தான் பாக்கணும்?"னு செல்வம் கேட்டான்.

"ஆரியங்காவு தாண்டி ஒரு டீக்கடை. அதுல இருந்து மூணாவது வளைவு. வளைவுல திரும்பையில டிரைவரு வலது பக்கந்தான் பாக்கணும், எதுக்க பஸ்சு வரும். அங்கன வந்தா ஒவ்வொரு நடையும் சவரி கத்துவான், 'தம்பி, அருவி!'ன்னு. வேனல்ல சின்னப் புள்ள சடை மாரி விழுமாம். மழைக்காலத்துல உப்பு அம்பாரத்தச் சரிச்சு விட்ட மாரியாம். அத ஒரு தடவ பாக்கணும்."

"திரும்பி வரையில பாத்திருக்கலாமே"ன்னேன்.

"திரும்பையில அந்த வழி வர மாட்டோம். திருவனந்தபுரத்துல லோடு ஏத்தி நாகர்கோயில் வழியா வருவோம்."

"ஒரு நாளு வண்டிய நிப்பாட்டி எறங்கிப் பாத்தா என்ன?"

"உப்ப ஏத்திக்கிட்டு, ஈரக் காத்துல, மலை வளைவுலயா? அடுத்த நட பாப்போம்னு இருந்தேன்."

அடுத்த நட, அடுத்த நடன்னு முப்பது வருஷம் ஓடிருச்சு.

"காஷ்மீரு கேட்டா ஆரியங்காவா?"ன்னு செல்வம் தலையில கை வச்சிக்கிட்டான். காரு வாடகைக்குச் சொல்லிட்டான்.

ஒரே மலைக்கு ரெண்டு மூஞ்சி

காருல முன்சீட்டுல, இடது பக்கம் அவிய ஒக்காந்தாவ. தொட்டுத் தொட்டுப் பாத்துட்டு, "இந்தப் பக்கம் நான் ஒக்காந்ததே இல்ல"ன்னாவ. சும்மா வந்தாவளா? செல்வத்தப் போட்டு வறுத்து எடுத்துட்டாவ.

"ஏலே, ஏத்தம் வருது, கியர மாத்து."

"யப்பா, இது ஆட்டோமேட்டிக்கு. அதுவே மாத்திக்கிடும்."

"அப்ப நீ என்னத்துக்குல இருக்க?"

எனக்கோ கால் தரையில நிக்கல. ஆலங்குளம் தாண்டி கரண்டு எடுக்க காத்தாடி பனை ஒசரத்துக்கு நின்னு சுத்துது, பாத்தேன். செங்கோட்டை தாண்டி புளியரை வயலப் பாத்தேன். ஏ அப்பா! மூணு பக்கமும் மலை நிக்கி, நடுவுல வயலு தொட்டில்ல கெடக்க புள்ள மாரிக் கெடக்கு. சாரல் மூஞ்சியில அடிக்கி. நான் பொறந்த தேரியும் இதுவும் ஒரே கவர்மெண்டா, ஒரே ரேசன் கார்டான்னு இருந்துச்சு.

அதுக்கப்புறம் மலை ஏறுனோம். ஒரு வளைவு வரைக்கும் வெளிச்சம், வானம், காத்து. அடுத்த வளைவுல லைட்ட அணைச்ச மாரி மரம் வந்து மூடிருச்சு. வாடை மாறிருச்சு. காதுக்குள்ள வண்டுச் சத்தம். ஒரே மலைதான். இங்கிட்டு இருந்து பாத்தா ஒரு மூஞ்சி, அங்கிட்டு இருந்து பாத்தா வேற மூஞ்சி.

டீக்கடையில எறங்கினோம். அவிய டீ குடிக்கல. "நேரத்தக் கடத்தாதிய"ன்னாவ. கைய நீட்டுனாவ, புடிச்சிக்கிட்டு நடந்தேன். செல்வம் கார மெதுவாப் பின்னால உருட்டிக்கிட்டு வந்தான். ஒண்ணு, ரெண்டுன்னு வளைவ அவியளே எண்ணுனாவ. மூணாவதுல தானா நின்னுட்டாவ. முப்பது வருஷம் காலுக்குள்ள இருந்த வளைவு அது.

சத்தம்

அங்கனதான் நான் எட்டிப் பாத்துட்டு வாயடச்சிப் போயி நின்னேன்.

அருவி இல்ல.

சரிவு இருந்துச்சு. ரப்பரு மரம் வரிசையா இருந்துச்சு. நல்ல மழைக்காலம், சுத்தி எங்க பாத்தாலும் ஓடைத் தண்ணி. ஆனா அங்கன அருவி விழ ஒரு பாறைகூட கெடையாது. செல்வம் என் காதுக்குள்ள, "இருக்குன்னு சொல்லிரும்மா. அவருக்கு எங்க தெரியப்போவுது"ங்கான்.

சொன்னேன். "ஆமாங்க. விழுது. வெள்ள வெளேருன்னு விழுது."

அவிய அந்தப் பக்கமா மூஞ்சியத் திருப்புனாவ. ஒரு பஸ்சு ஆரன் அடிச்சிக்கிட்டுப் போச்சு. அது போனதும் அப்படி ஒரு அமைதி. எலையில இருந்து தண்ணி சொட்டுதது கேக்குது.

"ஏளா, அருவி விழுந்தா சத்தம் கேக்காதா?"

நான் நனைஞ்ச முந்தியப் புழிஞ்சேன்.

"லாரியில எஞ்சின் சத்தத்துல ஒண்ணும் கேட்டதில்ல. இப்ப எஞ்சினு இல்லையே."

"அருவி இல்லைங்க"ன்னேன்.

"எம்மா!"ன்னான் செல்வம். "போலே அங்கிட்டு"ன்னு அவனை வெரட்டுனேன்.

டீக்கடைக்காரரு கொடையப் புடிச்சிக்கிட்டு என்னமோ ஏதோன்னு எங்க பின்னாலயே நடந்து வந்துட்டாரு. அவர்ட்ட கேட்டேன். "இங்க அருவியோ? நான் பொறந்ததே இங்கதான் அம்மா. இந்த வளைவுல அருவின்னு ஒண்ணு இருந்ததே இல்ல"ன்னு ஒரே போடாப் போட்டுட்டாரு.

அவிய தடுப்புச் சுவத்துல ஒக்காந்துட்டாவ. ஈரத்துலயே. சவரி அண்ணன வையப் போறாவளோ, இல்ல அழப் போறாவளோன்னு பயந்தேன். மிச்சம் இருக்க அந்த வட்டத்த வச்சிக்கிட்டு, ஒலகத்துல எவ்வளவோ எடம் இருக்க, இல்லாத எடத்தப் பாக்க வந்துட்டோமே.

சுவத்துப் பாசிய நகத்தாலச் சொரண்டிக்கிட்டே சொன்னாவ. "மொத மொத அவன் இந்த அருவியச் சொன்னது எப்பன்னு நெனப்பு வந்துருச்சு."

"எப்ப?"

"அதுக்கு முந்துன நட, இதே வளைவுல நான் கண்ணசந்துட்டேன். தென்காசியில சோத்தத் தின்னுட்டு ஏறுனா, கணவாயில குளுந்த காத்து மூஞ்சியில அடிக்கும். கண்ணு தானாச் சொருவும். சவரிதான் பாஞ்சி ஸ்டீரிங்க இழுத்தான். இடது சக்கரம் இந்தச் சுவத்த ஒரசி நின்னுச்சு. நீ மாசமா இருந்த, பயப்படுவேன்னு ஒன்ட்ட சொல்லல. மறுநட இங்கன வரையில, 'தம்பி, அருவி!'ன்னு கத்துனான். நான் முழிச்சிக்கிட்டேன். அதுக்கப்புறம் ஒரு நடகூட இந்த எடத்துல நான் அசந்ததில்லளா. எப்படா அந்த வளைவு வரும், இன்னைக்கி என்ன சொல்லப் போறான்னு காத்துக்கிட்டே ஏறுவேன்."

ஒள்ளங்கையால அந்தச் சுவத்தத் தடவுனாவ. நானும் கைய வச்சேன். அந்தச் சமயம் செல்வம் என் வயித்துல இருந்தான். ஒரு பொய்ய வாரா வாரம் புதுசாக் கழுவித் தொடச்சி, அந்த மனுசன் எந் தாலிய முப்பது வருஷம் காப்பாத்திக் குடுத்திருக்காரு. எங்க வீட்டுல காப்பியக் குடிச்சிட்டு ஒண்ணுஞ் சொல்லாமப் போயிருக்காரு. நான் ஒரு முறுக்கு கூடுதலா வச்சதில்ல.

"அப்ப கோதாவரி? சிலிக்கா? கொடகுல காப்பிப் பூவு?"ன்னு அவியளே கேட்டாவ. "எது அவன் கண்டது, எது கட்டுனதுன்னு இனி யார்ட்ட போயிக் கேக்க?"

"நான் எத்தன பேர அனுப்பி வச்சேன்! ஒருத்தியும் திரும்பி வந்து சண்டைக்கு நிக்கலியே. பாதியாச்சும் நெசமாத்தான் இருக்கும்"னேன்.

அவியளுக்குச் சிரிப்பு வந்துருச்சு. சிரிச்சிக்கிட்டே கண்ணத் தொடச்சாவ. அப்புறம் நிமுந்து ஒக்காந்து, "சரி, இப்ப உள்ளதச் சொல்லு. கூட்டவும் வேண்டாம், கொறைக்கவும் வேண்டாம்"னாவ.

நான் சொன்னேன். ரப்பரு மரத்துல பால் வடிய சிரட்டை கட்டியிருக்கத, அதுக்கு மேல மழை விழாம பிளாஸ்டிக்குச் சீலைய பாவாடை மாரிச் சுத்தியிருக்கத. கீழ ஒரு தகரக் கூரை வீடு, பாதி துருப்பிடிச்சது. கொடியில காயப் போட்ட கைலி, அது திரும்ப நனைஞ்சி கெடக்கது. பள்ளத்துல யாரோ கொட்டிட்டுப் போன கோழி எறகு. ஒண்ணையும் விடல. எங்கன என்னன்னு சொல்லுதேனோ அந்தப் பக்கம் அவிய மூஞ்சி திரும்புது.

"ஒரு ஆடு நிக்கி"ன்னேன்.

"என்ன நெறம்?"

"கருப்பு. நெத்தியில மட்டும் வெள்ளை."

"எங்கன?"

"தகரக் கூரைக்கு இடது பக்கம், அந்த மேட்டுல."

அந்த வருஷத் தீவாளிக்குள்ள அந்த வட்டமும் அடஞ்சி போச்சு. இப்ப அவிய கடையில என் பக்கத்துல ஒக்காந்திருக்காவ, வெளிச்சமா இருட்டான்னு மட்டுந் தெரியும். தூரத்துல இருக்க ஒண்ண அவிய கண்ணால தேடிப் பாத்தது அன்னைக்கிதான் கடைசி.

அந்தச் சுவத்துல ஒக்காந்து, ஊசியில நூலு கோக்க மாரி தலையப் பைய நவுத்துனாவ. என் கைய நீட்டிக் காட்டுனேன். அவிய பார்வை என் வெரலு நுனி வரைக்கும் வந்து, அங்கன இருந்து கீழ எறங்கி, கூரையத் தொட்டு, இடது பக்கமா இன்னுங் கொஞ்சம். ஆடு எங்கயும் போயிரப்பிடாதேன்னு நான் மூச்சப் புடிச்சிக்கிட்டு நிக்கேன். அது தழைய மென்னுக்கிட்டு எங்களையே பாக்கு.

"ஏளா, இரு... இரு... ஆமா. வெள்ளை இருக்கு."